மலாயா அவசரகாலமும் பொதுமக்களும்

மலாயா அவசரகாலம் என்பது, 1948 முதல் 1960 வரை அன்றைய மலாயாவில் (இன்றைய தீபகற்ப மலேசியா) பிரித்தானியக் குடியேற்ற அரசுக்கும் மலாயா பொதுவுடைமைக் கட்சியின் ஆயுதப் படைக்கும் இடையே நடைபெற்ற கரந்தடிப் போர் ஆகும். 1957 இல் மலாயா விடுதலை அடைந்த பின்னர் புதிய அரசு இப்போரைத் தொடர்ந்து நடத்தியது. கிளர்ச்சிகளைப் பற்றியும் அவற்றில் பொதுமக்கள் வகிக்கும் இடத்தைப் பற்றியும் ஆராய்வோர் மிகுதியாக எடுத்தாளும் எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று. இப்போரில் இரு தரப்பும் கைப்பற்ற முயன்றது நிலத்தை அன்று. காட்டோரத்திலும் தோட்டங்களிலும் வாழ்ந்த மக்களின் உணவையும், உழைப்பையும், அவர்கள் அறிந்திருந்த செய்திகளையுமே ஆகும். அம்மக்கள் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதையும், ஆய்வாளர்கள் அதை எவ்வாறு விளக்கியுள்ளனர் என்பதையும் இக்கட்டுரை கூறுகிறது.

பெயர்

பிரித்தானிய அரசு இதனைப் போர் என அழைக்காது "அவசரகாலம்" என்றே குறிப்பிட்டது. போர் அல்லது உள்நாட்டுப் போர் என அறிவித்தால் இலண்டன் காப்பீட்டு நிறுவனங்கள் தோட்ட, சுரங்க உரிமையாளர்களுக்கு இழப்பீடு வழங்கா என்பது இதற்கான காரணமாகப் பரவலாகக் கூறப்படுகிறது. கிளர்ச்சியாளர் தம் தரப்பில் இதனை விடுதலைப் போர் என்றனர். அரசு ஆவணங்கள் அவர்களை முதலில் கொள்ளையர் எனவும், 1952 முதல் பொதுவுடைமைப் பயங்கரவாதிகள் எனவும் குறித்தன. ஆவணங்களைப் படிப்போர் இச்சொற்கள் எந்தத் தரப்பினுடையவை என்பதை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

பின்னணி

1947 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மலாயாக் கூட்டரசுப் பகுதியின் மக்கள்தொகை ஏறத்தாழ 49 இலட்சம். இதில் மலாயர் ஏறத்தாழப் பாதியளவினர். சீனர் 38 விழுக்காட்டினர். இந்தியர் 11 விழுக்காட்டினர். இந்தியருள் பெரும்பான்மையோர் இரப்பர்த் தோட்டங்களில் பணிபுரிந்த தமிழர் ஆவர்.

இரண்டாம் உலகப் போரில் சப்பானியப் படைகள் மலாயாவைக் கைப்பற்றியபோது, அவர்களை எதிர்த்துக் காட்டிலிருந்து போரிட்ட முதன்மையான அமைப்பு, பொதுவுடைமைக் கட்சி வழிநடத்திய மலாயா மக்கள் சப்பானிய எதிர்ப்புப் படை ஆகும். அப்போது பிரித்தானியர் இப்படைக்கு ஆயுதமும் பயிற்சியும் அளித்தனர். போர் முடிந்தபின் கட்சி தொழிற்சங்கங்களின் வழியாக இயங்கியது. குறைந்த கூலியும் அரிசித் தட்டுப்பாடும் நிலவிய அக்காலத்தில் வேலைநிறுத்தங்கள் பெருகின. 1948 சூன் 16 அன்று பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பகுதியில் ஐரோப்பியத் தோட்ட அலுவலர் மூவர் கொல்லப்பட்டனர். இதனைத் தொடர்ந்து இரு நாட்களில் நாடு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கட்சியின் தலைவரான சின் பெங் முதலானோர் காட்டுக்குள் சென்று, முந்தைய போரின் வீரர்களைக் கொண்டு புதிய படையைத் திரட்டினர். 1951 அளவில் இப்படையில் ஏறத்தாழ 8,000 பேர் இருந்தனர். இவர்களில் பத்தில் ஒன்பது பங்கினர் சீனர். மலாயரும் இந்தியரும் சிறு தொகையினராக இருந்தனர்.

காட்டோரக் குடியேறிகள்

1930களின் பொருளாதார மந்தத்தின்போது சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் வேலை இழந்த சீனர் பலர், காட்டின் ஓரங்களில் நிலத்தைத் திருத்திக் காய்கறியும் மரவள்ளியும் பயிரிட்டு வாழத் தலைப்பட்டனர். சப்பானியர் ஆட்சியில் நகரங்களில் உணவு கிடைக்காமையாலும் கொடுமைகளுக்கு அஞ்சியும் இன்னும் பலர் இவ்வாறு குடியேறினர். 1948 இல் இவர்களின் தொகை ஏறத்தாழ 5 இலட்சம். இவர்களிடம் நிலப்பட்டா இல்லை. அரசு அலுவலர் எவரும் இவர்களின் ஊர்களுக்குப் பெரும்பாலும் வந்ததுமில்லை.

காட்டிலிருந்த படைக்கு அரிசி, மருந்து, துணி, பணம், செய்தி ஆகிய அனைத்தும் இம்மக்களிடமிருந்தே சென்றன. இதற்கெனக் கட்சி அமைத்த மறைமுக வலையமைப்பு "மின் யுவென்" எனப்பட்டது. இதில் இருந்தோர் பகலில் பால்வெட்டுவோராகவோ கடைக்காரராகவோ இருந்தனர். சிலர் கொள்கைப் பற்றினால் உதவினர். சிலர் காட்டில் இருந்த மகனுக்காகவோ உடன்பிறந்தவனுக்காகவோ உதவினர். மறுத்தால் உயிர் போகும் என்று அஞ்சியே பலர் உதவினர். இம்மூவரையும் வெளியிலிருந்து பிரித்தறிதல் அரசுக்கு இயலாததாக இருந்தது. இப்போரின் தன்மையைத் தீர்மானித்த அடிப்படைச் சிக்கல் இதுவே எனலாம்.

முதற்கட்டம்: கூட்டுத் தண்டனை

முதல் ஈராண்டுகளில் அரசு ஊர்களை முழுமையாக ஐயத்துக்குரியனவாகவே கருதியது. 1949 சனவரியில் இயற்றப்பட்ட விதி, ஒரு பகுதியின் மக்கள் அனைவரையும் ஒருங்கே காவலில் வைக்க இடமளித்தது. குடிசைகள் எரிக்கப்பட்டன. 10,000க்கும் மேற்பட்டோர் சீனாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். அவசரகாலம் முழுவதிலும் 30,000க்கும் மேற்பட்டோர் வழக்கு விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டனர். பன்னிரண்டு அகவைக்கு மேற்பட்ட அனைவருக்கும் ஒளிப்படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமாக்கப்பட்டது.

1948 திசம்பரில் சிலாங்கூர் மாநிலத்தின் பத்தாங்காலி அருகே, இரப்பர்த் தோட்டம் ஒன்றில் ஆயுதமற்ற சீனத் தொழிலாளர் 24 பேர் பிரித்தானியப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். தப்பியோட முயன்றபோது சுடப்பட்டனர் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. 1970 இல், அப்படையில் இருந்த சிலர் அக்கூற்று பொய்யென்று பிரித்தானியச் செய்தித்தாள் ஒன்றுக்குத் தெரிவித்தனர். பொது விசாரணை வேண்டி இறந்தோரின் உறவினர் தொடுத்த வழக்கை 2015 இல் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடந்துபோன நீண்ட காலம் அதற்கான காரணங்களுள் ஒன்றாக இருந்தது.

இக்கடுமையான நடவடிக்கைகள் கிளர்ச்சியைத் தணிக்கவில்லை. வீடிழந்தோருள் பலர் காட்டுக்குச் சென்றனர் என ஆய்வாளர் குறிப்பிடுகின்றனர்.

பிரிக்ஸ் திட்டம்

1950 ஏப்ரலில் நடவடிக்கைகளின் இயக்குநராகப் பொறுப்பேற்ற சர் ஹரோல்டு பிரிக்ஸ், படையினரைக் காட்டுக்குள் அலையவிடுவதை விடுத்து, மக்களுக்கும் கிளர்ச்சியாளருக்கும் இடையிலான தொடர்பை அறுக்க வேண்டும் என்று திட்டமிட்டார். இதன்படி காட்டோரக் குடியேறிகள் அனைவரும் வேலியிட்ட "புதுக்கிராமங்களுக்கு" மாற்றப்பட்டனர். சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 480 புதுக்கிராமங்கள் அமைக்கப்பட்டு, 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியேற்றப்பட்டனர். இவர்களில் பெரும்பான்மையோர் சீனர்.

இடமாற்றம் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி விடியற்காலையில் நிகழ்ந்தது. படையினர் ஊரைச் சூழ்ந்துகொள்ள, மக்கள் எடுத்துச்செல்லக்கூடிய பொருட்களுடன் சரக்குந்துகளில் ஏற்றப்பட்டனர். எஞ்சிய குடிசைகளும் பயிர்களும் அழிக்கப்பட்டன. புதிய இடத்தில் வீட்டு மனையும் வீடு கட்டச் சிறு தொகையும் வழங்கப்பட்டன. முள்வேலி, காவல் நிலையம், இரவு விளக்குகள், மாலையில் மூடப்படும் வாயில் ஆகியன எல்லாப் புதுக்கிராமங்களுக்கும் பொதுவானவை. பள்ளி, குடிநீர், மருந்தகம் ஆகியன சில இடங்களில் விரைவாகவும் சில இடங்களில் மிகத் தாமதமாகவும் வந்தன. நிலத்துக்கான நிலையான உரிமை பலருக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. 1949 இல் தொடங்கப்பட்ட மலாயா சீனர் சங்கம், பரிசுச்சீட்டு நடத்தித் திரட்டிய பணத்தில் இம்மக்களுக்கு உதவியது.

உணவுக் கட்டுப்பாடு

காட்டில் நெல் விளையாது என்பதனால் அரிசியே இப்போரின் முதன்மையான ஆயுதமாயிற்று. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரிசி அளந்து வழங்கப்பட்டது. தகரத்தில் அடைத்த உணவுப் பொருட்களைக் கடைக்காரர் விற்கும்போதே தகரத்தில் துளையிட்டுக் கொடுக்க வேண்டும். துளையிட்ட தகரத்தைக் காட்டில் சேமித்து வைக்க இயலாது. சில பகுதிகளில் அரிசியை விற்பதே தடை செய்யப்பட்டு, பொதுச் சமையற்கூடத்தில் சமைத்த சோறு மட்டுமே வழங்கப்பட்டது. வெப்பமண்டலத்தில் சோறு விரைவில் கெட்டுப்போகும் என்பதே இதன் அடிப்படை.

அதிகாலையில் பால்வெட்டச் செல்லும் தொழிலாளர் வாயிலில் வரிசையில் நின்று சோதனைக்கு உட்பட்டனர். பெண்களின் உடல்களும் சோதிக்கப்பட்டன. கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்த இடங்களில் நண்பகல் உணவை வேலைக்கு எடுத்துச்செல்லவும் இசைவில்லை. கிளர்ச்சியாளர் காட்டில் பயிரிட்ட தோட்டங்களின் மீது பயிர்க்கொல்லி வேதிப்பொருட்களும் தெளிக்கப்பட்டன.

கிளர்ச்சியாளரின் வன்முறை

பொதுமக்களின் துன்பத்துக்கு அரசு மட்டுமே காரணமன்று. காட்டிக்கொடுப்போர் எனக் கருதப்பட்டோரைக் கட்சியினர் கொன்றனர், பேருந்துகளை எரித்தனர், தொடர்வண்டிகளைக் கவிழ்த்தனர், இரப்பர் மரங்களை வெட்டிச் சிதைத்தனர், அடையாள அட்டைகளைப் பறித்துக் கிழித்தனர். மரம் சிதைந்தால் தோட்ட முதலாளிக்கு இழப்பு. அதைவிட முன்னதாகவே பால்வெட்டுத் தொழிலாளியின் அன்றாடக் கூலி போய்விடும். அட்டை கிழிந்தால் அரசின் அரிசிப் பங்கீடும் கிடைக்காது.

இவற்றால் மக்கள் விலகிச்செல்வதை உணர்ந்த கட்சித் தலைமை, 1951 அக்டோபரில் வெளியிட்ட ஆணைகளில் இத்தகைய செயல்களை நிறுத்துமாறு பணித்தது. அதே மாதம் 6 ஆம் நாள் பிரித்தானிய உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி பிரேசர் மலைச் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயினும் அதன்பின் தாக்குதல்களின் எண்ணிக்கை படிப்படியாகக் குறைந்தது.

டெம்ப்ளர் காலம்

1952 பெப்ரவரியில் உயர் ஆணையராக வந்த சர் ஜெரால்டு டெம்ப்ளர், மக்களின் மனங்களை வெல்ல வேண்டும் என்ற கருத்தைப் பரப்பியவராக அறியப்படுகிறார். ஊராட்சி மன்றத் தேர்தல்கள், குடியுரிமை விரிவாக்கம், ஊர்க்காவல் படையில் சீனர்க்கு இடம் ஆகியன அவர் காலத்தில் முன்னெடுக்கப்பட்டன.

எனினும் அவர் பொறுப்பேற்ற அடுத்த மாதமே, தஞ்சோங் மாலிம் நகரருகே நிகழ்ந்த தாக்குதலில் 12 பேர் கொல்லப்பட்டதற்காக அந்நகர் முழுவதற்கும் தண்டனை விதித்தார். நாளொன்றுக்கு 22 மணிநேர ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, அரிசிப் பங்கீடும் குறைக்கப்பட்டது. பின்னர் ஒவ்வொரு வீட்டுக்கும் தாள் ஒன்று கொடுக்கப்பட்டு, அறிந்ததைப் பெயரிடாமல் எழுதி மூடிய பெட்டியில் இடுமாறு கூறப்பட்டது. பரிவும் தண்டனையும் ஒரே ஆட்சியில் எவ்வாறு கலந்திருந்தன என்பதற்கு ஆய்வாளர் இந்நிகழ்வைச் சான்று காட்டுவர்.

1953 செப்டம்பரில் மலாக்காவின் ஒரு பகுதி "வெள்ளைப் பகுதி" என அறிவிக்கப்பட்டு, அங்கு ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டன. அமைதி நிலவினால் கட்டுப்பாடு நீங்கும் என்ற இம்முறை பின்னர் பிற பகுதிகளுக்கும் விரிந்தது. 1955 திசம்பரில் பாலிங் நகரில் துங்கு அப்துல் ரகுமானும் சின் பெங்கும் நடத்திய பேச்சுவார்த்தை தோல்வியுற்றது. 1960 சூலை 31 அன்று அவசரகாலம் நீக்கப்பட்டது. தாய்லாந்து எல்லைக்குப் பின்வாங்கிய கட்சி, 1989 திசம்பர் 2 அன்று ஹட்யாய் நகரில் கையெழுத்தான உடன்பாட்டின் பின்னரே ஆயுதத்தைக் கைவிட்டது.

தோட்டத் தமிழர்

அவசரகாலத்தின் முதல் விளைவுகளுள் ஒன்று, தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் சேர்ந்திருந்த தொழிற்சங்கங்கள் ஒடுக்கப்பட்டமை ஆகும். அகில மலாயா தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தவரும், தஞ்சை மாவட்டத்தின் தம்பிக்கோட்டையில் பிறந்தவருமான எஸ். ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய உயிரைக் காக்க இந்திய அரசு மேற்கொண்ட முயற்சி பயனளிக்கவில்லை. அதற்கு முதல்நாள் மற்றொரு தொழிற்சங்கத் தலைவரான பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1954 இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகும்வரை தோட்டப்புறத்தில் வலுவான ஒருங்கிணைந்த சங்கம் இருக்கவில்லை.

தோட்டங்களில் சிதறிக்கிடந்த தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள், தோட்டத்துக்குள்ளேயே ஓரிடத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டு வேலியிடப்பட்டன. சுரங்கங்களையும் சேர்த்து இவ்வாறு மாற்றப்பட்டோரின் எண்ணிக்கை புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டோரின் எண்ணிக்கைக்குக் குறைந்ததன்று. தம் நிலத்தை இழந்த சீனக் குடியேறிகளைப் போல் இவர்கள் முற்றிலும் பெயர்க்கப்படவில்லை; ஆயினும் ஊரடங்கும் சோதனையும் உணவுப் பங்கீடும் இவர்களுக்கும் பொருந்தின. புதுக்கிராமங்கள் வரலாற்று நூல்களில் பெற்ற இடத்தைத் தோட்ட மறுசீரமைப்பு பெறவில்லை.

ஒராங் அஸ்லி

தீபகற்பத்தின் தொல்குடியினரான ஒராங் அஸ்லி மக்கள் உள்காட்டில் கிளர்ச்சியாளருக்கு வழிகாட்டவும் உணவளிக்கவும் நேர்ந்தது. அரசு இவர்களையும் தொடக்கத்தில் முகாம்களுக்கு மாற்றியது. பழக்கமற்ற சூழலாலும் நோயாலும் முகாம்களில் பலர் இறந்தனர். பின்னர் இம்முறை கைவிடப்பட்டு, அவர்களின் வாழிடங்களுக்கு அருகே காட்டுக் கோட்டைகளும் மருந்தகங்களும் அமைக்கப்பட்டன.

இழப்புகள்

அரசின் கணக்கின்படி கிளர்ச்சியாளர் 6,710 பேர் கொல்லப்பட்டனர். பாதுகாப்புப் படையினருள் 1,800க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பொதுமக்களுள் 2,478 பேர் கொல்லப்பட்டனர். 810 பேர் காணாமற் போயினர். இவை அன்றைய அரசு வகுத்த வகைப்பாட்டைச் சார்ந்தவை. படையினரால் கொல்லப்பட்ட ஒருவர் கிளர்ச்சியாளரா, பொதுமகனா என்பதை முடிவுசெய்தது பெரும்பாலும் அப்படையினரின் அறிக்கையே. பத்தாங்காலி நிகழ்வு இக்கணக்குகளை எச்சரிக்கையுடன் கையாள வேண்டியதன் தேவையைக் காட்டுகிறது.

ஆய்வுகள்

தொடக்ககால ஆய்வுகளுள் லூசியன் பை 1956 இல் வெளியிட்ட நூல் குறிப்பிடத்தக்கது. சரணடைந்த கிளர்ச்சியாளர் 60 பேரை நேர்கண்டு, அவர்கள் கட்சியில் சேர்ந்த காரணங்களை அவர் ஆராய்ந்தார். சரணடைந்தோர் அரசின் காவலில் இருந்து பேசியவர்கள் என்பதும், சரணடையாதோரின் குரல் இதில் இல்லை என்பதும் இத்தகைய ஆய்வுகளின் வரம்பு ஆகும். மலாயாவில் அதிகாரியாகப் பணிபுரிந்த சர் இராபர்ட் தாம்சன் 1966 இல் வெளியிட்ட நூல், கிளர்ச்சியை முறியடிக்கும் நெறிகளைத் தொகுத்தது. இந்நூலில் மக்கள் காக்கப்பட வேண்டியோராகவும் கட்டுப்படுத்தப்பட வேண்டியோராகவும் காணப்படுகின்றனர். அந்தோனி சார்ட்டு 1975 இலும், ரிச்சர்ட் இசுட்டப்சு 1989 இலும் விரிவான வரலாறுகளை எழுதினர். கொரியப் போரினால் இரப்பர், ஈயம் ஆகியவற்றின் விலை உயர்ந்தமையும், அதனால் வேலையும் அரசின் வருவாயும் பெருகியமையும் கிளர்ச்சி தணிந்ததற்கு முக்கியக் காரணங்கள் என்பதை இசுட்டப்சு சுட்டிக்காட்டினார்.

போரின் போக்கு எப்போது மாறியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. டெம்ப்ளர் வருவதற்கு முன்பே, இடமாற்றமும் உணவுக் கட்டுப்பாடும் கிளர்ச்சியின் முதுகெலும்பை முறித்துவிட்டன என்பது கார்ல் ஹாக்கின் கருத்து. டெம்ப்ளரின் தலைமையும் பரப்புரையும் இன்றியமையாதன என்பது குமார் இராமகிருட்டிணாவின் கருத்து. இவ்விவாதம் வெறும் காலவரிசை பற்றியதன்று. மக்கள் அரசின் பக்கம் சாய்ந்தது நம்பிக்கையாலா, வேறு வழியின்மையாலா என்ற கேள்வி இதனுள் அடங்கியுள்ளது.

இக்கேள்விக்குப் பொதுவான விளக்கம் ஒன்றை இசுடாதிசு கலிவாசு 2006 இல் வெளியிட்ட உள்நாட்டுப் போர் வன்முறை பற்றிய ஆய்வு அளித்தது. கிரேக்க நாட்டுச் சிற்றூர்களை முதன்மையாக ஆராய்ந்த அவர், மக்கள் முன்கூட்டியே ஒரு தரப்பின் ஆதரவாளராக இருப்பதைவிட, எந்தத் தரப்பு தம் ஊரைக் கட்டுப்படுத்துகிறதோ அதனுடன் ஒத்துழைப்பதே மிகுதி என்றார். அண்டை வீட்டாருடனான பழைய பகை, நிலத் தகராறு போன்றவையும் காட்டிக்கொடுத்தலுக்குக் காரணமாகின்றன என்றும் அவர் காட்டினார். மலாயாவின் புதுக்கிராமங்களை இந்நோக்கில் காணும்போது, "ஆதரவாளர்" என ஆவணங்கள் குறிக்கும் பலர், அன்றிரவு கதவைத் தட்டக்கூடியவர் யார் என்பதைக் கணித்தே நடந்துகொண்டனர் எனக் கொள்ள இடமுண்டு.

சான்றுகளின் சிக்கல்

நெடுங்காலம் ஆய்வுகள் பிரித்தானிய ஆவணங்களையே சார்ந்திருந்தன. குடியேற்ற நாடுகளை விட்டு நீங்கும்போது பிரித்தானிய அதிகாரிகள் பல கோப்புகளை அழித்தனர். சிலவற்றை இலண்டனுக்கு எடுத்துச்சென்று மறைத்து வைத்தனர். மறைக்கப்பட்டவற்றின் ஒரு பகுதி 2012 முதல் பொதுப் பார்வைக்கு வந்தது. சின் பெங்கின் தன்வரலாறு 2003 இல் வெளியாயிற்று. அண்மைக் காலத்தில் புதுக்கிராம முதியோரின் வாய்மொழி வரலாறுகள் தொகுக்கப்படுகின்றன. இவற்றிலும் நினைவுத் தவறுகள் உண்டு. ஆயினும் வாயிற் சோதனை, பறிபோன பயிர், இரு தரப்புக்கும் அஞ்சிய இரவுகள் ஆகியவற்றை அறிக்கைகளைவிட இவை தெளிவாகக் கூறுகின்றன.

பிற நாடுகளில் தாக்கம்

மலாயாவின் படிப்பினை எனக் கருதப்பட்டது பிற போர்களுக்கும் எடுத்துச்செல்லப்பட்டது. 1950களின் நடுப்பகுதியில் கென்யாவில் கிக்கூயு மக்கள் பெருந்தொகையாக வேலியிட்ட ஊர்களுக்கு மாற்றப்பட்டனர். தென் வியட்நாமில் 1962 இல் தொடங்கிய அரண் சிற்றூர்த் திட்டத்துக்குத் தாம்சன் அறிவுரை வழங்கினார். அத்திட்டம் விரைவில் சரிந்தது. தலைமுறைகளாக வாழ்ந்த நிலத்திலிருந்தும் முன்னோர் கல்லறைகளிலிருந்தும் உழவர் பிரிக்கப்பட்டமை, ஊர்கள் மிதமிஞ்சிய விரைவில் அமைக்கப்பட்டமை, எதிர்த்தரப்புக்கு எல்லைக்கு அப்பாலிருந்து உதவி கிடைத்தமை ஆகியன காரணங்களாகக் கூறப்படுகின்றன. மலாயாவில் கிளர்ச்சியாளருக்கு அத்தகைய உதவி இருக்கவில்லை; மேலும், விடுதலை குறித்த உறுதிமொழி ஆயுதப் போராட்டத்தின் தேவையையே குறைத்தது. ஈராக் போரின்போது 2006 இல் அமெரிக்கப் படை வெளியிட்ட கிளர்ச்சி எதிர்ப்புக் கையேடும் மலாயாவை எடுத்துக்காட்டியது.

இன்றைய நிலை

புதுக்கிராமங்களுள் பெரும்பாலானவை முள்வேலி நீக்கப்பட்ட பின்னரும் நிலைத்து, இன்று சிறு நகரங்களாகவும் நகர்ப்புறக் குடியிருப்புகளாகவும் உள்ளன. கோலாலம்பூரின் சிஞ்சாங் இவற்றுள் பெரியது. சிலாங்கூரின் சில புதுக்கிராமங்களை யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலுக்குப் பரிந்துரைக்கும் முன்மொழிவு 2024 இல் மலேசியாவில் கடும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. சிலர் இவற்றை ஒரு சமூகத்தின் உழைப்பின் சின்னமாகக் காண்கின்றனர். வேறு சிலருக்கு இவை குடியேற்ற ஆட்சியின் நினைவு. இன்னும் சிலருக்குக் கிளர்ச்சியின் வடு. வேலிக்குள் வளர்ந்த தலைமுறையினர் முதுமையடைந்துவிட்ட நிலையில், அவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்தல் இத்துறை ஆய்வாளரின் உடனடிப் பணியாக உள்ளது.